பாலாற்றங்கரையில் ஆங்கில உருபுகள்

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வண்டி சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரையில் ஓடிற்று. அதே ஆண்டில், திருநெல்வேலிச் சீமையில் சமய ஊழியம் செய்துகொண்டிருந்த கால்டுவெல் ஐயர் இயற்றிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் லண்டன் மாநகரில் அச்சேறி வெளிவந்தது. யாதொரு சம்பந்தமும் இல்லாதவையாகத் தோன்றும் இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் நான் எப்போதும் சேர்த்தே நினைப்பதுண்டு. இருப்புப்பாதையானது பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டு வாழ்ந்த ஊர்களைச் சென்னைத் துறைமுகத்தோடும், அதன் வழியே இங்கிலாந்தின் தோல் சந்தையோடும், அந்தச் சந்தையின் பாஷையாகிய ஆங்கிலத்தோடும் பிணைத்தது. கால்டுவெல் ஐயரின் நூலோ, அந்தப் பாஷை இவ்வூர் மக்களுக்கு எந்த இடத்தில் இடறும் என்பதை, அவர் அதனை உத்தேசித்து எழுதாவிடினும், முன்னதாகவே காட்டி வைத்திருந்தது. பிற குடும்பத்து மொழிகளில் பெயருக்கு முன்னே நின்று உறவு காட்டும் சொற்கள் செய்கிற வேலையைத் திராவிட மொழிகளில் பெயருக்குப் பின்னே வந்து சேரும் சொற்கள் செய்கின்றன என்று அவர் எடுத்துரைத்த வேறுபாடு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் கணக்கும் கடிதமும் எழுதிய குமாஸ்தாக்களுக்கு, இலக்கணம் என்ற பெயரே இல்லாமல், அன்றாட அனுபவமாயிற்று.

இவ்வூர்களில் தோல் பதனிடும் இடத்திற்குத் தோல் ஷாப்பு என்பதே பேச்சு வழக்கு. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, முடி வழித்து, சவ்வு நீக்கி, ஆவாரம் பட்டைச் சாற்றிலும் கடுக்காய் நீரிலும் பதமேறிய மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இங்கிருந்து சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்குச் சென்று, தரம் பிரிக்கப்பட்டு, கட்டுக் கட்டாகக் கப்பலேறின. நம் நாட்டுச் சிறிய மாட்டின் தோலை ஆங்கில வியாபாரிகள் ‘கிப்’ என்றார்கள்; ஆவாரம் பட்டையால் பதனிட்டு வந்தது ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரோடு லண்டனில் ஏலத்திற்கு வந்து, அங்குள்ள தோல் தொழிலாளரின் கையில் இறுதி மெருகு பெற்றது. முதல் உலகப்போரில் சிப்பாய்களின் பூட்ஸ்களுக்கு மேல்தோலாக இதுவே வேண்டியிருந்தமையால், 1916 முதல் அரசாங்கமே இச்சரக்கைப் போர் இலாகாவுக்காக வாங்கத் தொடங்கியது. பாலாற்றுப் படுகையில் விளைந்த ஒரு கைத்தொழிலின் விலையும் அளவும் ஏழு கடல்களுக்கு அப்பால் நிச்சயிக்கப்பட்ட காலம் அது. ஆகவே அந்த நிச்சயத்தைக் கொண்டுவந்த கடிதத்தைப் பிழையறப் படிப்பதும், பிழையற மறுமொழி எழுதுவதும், தொட்டியில் சுண்ணாம்பு சரியாக இருப்பதைப் போலவே முக்கியமான காரியமாயின.

ஆங்கிலக் கல்வி இப்பகுதிக்கு வேறு வாயில்கள் வழியாகவும் வந்தது உண்மை. அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனார் வேலூரில் நடத்திய ஊரீசு கல்லூரியில்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் இளமையில் பயின்றார். 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. அதற்குத் தோல் வியாபாரிகளின் கொடை துணைநின்றது. மேல்விஷாரத்துத் தோல் வணிகராகிய சி. அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரால் 1965-ல் எழுந்த கல்லூரியும் அந்த மரபைச் சேர்ந்ததே. ஆயினும் கல்லூரியில் கவிதையும் நாடகமுமாகப் பயின்ற ஆங்கிலம் வேறு, மண்டியில் கடிதமும் ஒப்பந்தமுமாகப் புழங்கிய ஆங்கிலம் வேறு. இரண்டாவதைப் பற்றி எழுதியவர்கள் மிகவும் குறைவு. அந்தக் குறையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மண்டி ஆங்கிலத்தின் உயிர் பெரிய சொற்களில் இல்லை. ‘லெதர்’, ‘பிரைஸ்’, ‘ஷிப்’, ‘டேட்’ என்பவற்றைப் பள்ளிக்கூட வாசலை மிதியாதவரும் சில மாதங்களில் பிடித்துக்கொள்வர். பெயருக்கும் பெயருக்கும் நடுவே நின்று, அவற்றின் உறவை நிர்ணயிக்கும் ‘ஆன்’, ‘அட்’, ‘இன்’, ‘ஃபார்’, ‘டு’, ‘ஆஃப்’ முதலிய சிறு சொற்களே கைக்கு அகப்படாதவை. நம் ஆங்கில இலக்கண ஆசிரியர்கள் இவற்றுக்கு முன்னிடைச்சொல் என்று பெயரிட்டார்கள். பெயருக்கு முன் நிற்கும் இடைச்சொல் என்ற அளவில் அது பொருத்தமான பெயரே. தமிழில் இவ்வேலையைச் செய்வன வேற்றுமை உருபுகள். அவை பெயரின் பின்னே ஒட்டிக்கொள்வன. பெயரைக் கேட்ட பிறகே அதன் உறவு நமக்குத் தெரியவரும். ஆங்கிலத்திலோ உறவு முதலில் வந்து, பெயருக்காகக் காத்து நிற்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வியாபாரிகளில் பலர் வீட்டில் உருது பேசுவோர். அந்த மொழியிலும் ‘மே’, ‘பர்’, ‘ஸே’, ‘கோ’ என்பவை பெயருக்குப் பின்னேதான் வரும். ஊரின் இரண்டு பாஷைகளும் ஒரே வரிசையில் நடக்க, மூன்றாவதாக வந்த ஒன்று மட்டும் தலைகீழாக நடந்தது.

வரிசை மாறுவதைப் பழகிக்கொள்ளலாம். எண்ணிக்கை ஒவ்வாமையே பெரிய சங்கடம். நான்காம் வேற்றுமையின் ‘கு’ உருபுக்குக் கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை என்று இத்தனை பொருள்களை நன்னூலார் வகுத்துச் சொன்னார். ‘எனக்குக் கடிதம்’, ‘செருப்புக்குத் தோல்’ என்னும் இரண்டிலும் நமக்கு ஒரே உருபு; ஆங்கிலத்தில் முதலாவது ‘டு’, இரண்டாவது ‘ஃபார்’. ஏழாம் வேற்றுமையிலோ சங்கடம் இன்னும் மிகுதி. ‘ஆம்பூரில் ஷாப்பு, சென்னையில் மண்டி, கப்பலில் சரக்கு, இந்த விலையில் பேரம்’ என்று நாம் நான்கு முறையும் ‘இல்’ என்றே சொல்லிப் போகலாம். ஆங்கிலேயர் சிற்றூருக்கு ‘அட்’ என்றும், மாநகருக்கு ‘இன்’ என்றும், கப்பலுக்கு ‘ஆன்’ என்றும், விலைக்கு மறுபடியும் ‘அட்’ என்றும் எழுதுவர். உருது பேசுவோருக்கு ‘மே’, ‘பர்’ என்று உள்ளும் மேலும் தனித்தனியே இருப்பதால் இவ்விடத்தில் அரை அடி சுலபம் உண்டு. விலைக்கு வரும் ‘அட்’ அவர்களுக்கும் புதியதே.

இதெல்லாம் ஒரு பிழையா, பொருள் விளங்கினால் போதாதா என்று கேட்கலாம். நண்பருக்கு எழுதும் கடிதத்தில் போதும், ஒப்பந்தத்தில் போதாது. கடல் வியாபாரத்தின் மிகப் பழைய நிபந்தனைகளுள் ஒன்றாகிய ‘ஃப்ரீ ஆன் போர்டு’ என்பதை எடுத்துக்கொள்வோம், எஃப்.ஓ.பி. என்று மூன்றே எழுத்தில் மண்டி முழுவதும் வழங்கியது அது. சரக்கைக் கப்பலின்மீது ஏற்றி முடிக்கும் வரையில் செலவும் பொறுப்பும் விற்பவனுடையவை, அதற்குப் பின் வாங்குபவனுடையவை என்பது அதன் தாத்பரியம். அதற்கு அண்டை வீட்டுக்காரர்கள் போல இரண்டு நிபந்தனைகள் உண்டு. ‘ஃப்ரீ ஆன் ரெயில்’ என்றால் ரயிலில் ஏற்றிக் கொடுத்த அளவில் ஆம்பூர் வியாபாரியின் பொறுப்பு தீர்ந்தது. ‘ஃப்ரீ அலாங்சைடு ஷிப்’ என்றால் கப்பலின் அருகே கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். அருகே என்பதற்கும் மீது என்பதற்கும் என்ன பெரிய தூரம் என்று தோன்றலாம். சென்னைக் கடலை அறிந்தவர்க்கு அப்படித் தோன்றாது. நல்ல துறைமுகம் அமையுமுன், கப்பல்கள் கரைக்கு வராமல் கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. சரக்கையும் மனிதரையும் மசூலாப் படகுகளில் ஏற்றி, ஓயாது மோதும் அலைகளைக் கடந்து, அசைந்தாடும் கப்பலின் பக்கத்திலே சேர்த்து, அங்கிருந்து மேலே தூக்க வேண்டியிருந்தது. கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர்களையும் 1881 நவம்பரில் அடித்த புயல் உடைத்துப் போட்டது. அந்தக் கடலில் ‘அலாங்சைடு’ என்ற சொல்லுக்கும் ‘ஆன்’ என்ற சொல்லுக்கும் இடையே நனைந்து கெட்ட தோல் கட்டுகளின் விலை நின்றது.

இந்தச் சிறு சொற்களின் பொருளை நாடுதோறும் வேறுவேறாகக் கொண்டதால் விளைந்த வழக்குகளைக் கண்டு, பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வர்த்தக சபை 1936-ல் அவற்றை வரையறுத்து ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. எஃப்.ஓ.பி. நிபந்தனையில் பொறுப்பு மாறும் எல்லை கப்பலின் பக்கக் கம்பி என்பது நெடுங்கால மரபு. தூக்கிய கட்டு கம்பிக்கு இப்புறம் விழுந்தால் விற்றவனுக்கு நஷ்டம், அப்புறம் விழுந்தால் வாங்கியவனுக்கு நஷ்டம். 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தக் கம்பி கைவிடப்பட்டு, சரக்கு கப்பலின்மீது வைக்கப்பட வேண்டும் என்ற விதி வந்தது. ‘ஆன்’ என்னும் ஈரெழுத்து ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருளுக்கு வியாபார உலகம் இத்தனை காலம் கழித்துத் திரும்பி வந்தது எனக்கு மிகவும் சுவையான செய்தியாகப் படுகிறது. கப்பல் ரசீதிலும் இதே நுட்பம் உண்டு. ‘ரிசீவ்டு ஃபார் ஷிப்மெண்ட்’ என்றால் ஏற்றுவதற்காகப் பெற்றுக்கொண்டோம் என்று பொருள். ‘ஷிப்டு ஆன் போர்டு’ என்றால் ஏற்றியாயிற்று. இரண்டாவதைக் கேட்கும் பாங்கியிடம் முதலாவதை நீட்டினால் பணம் பெயராது.

பணம் வரும் வழியும் முன்னிடைச்சொற்களாலேயே அமைந்தது. ‘டாக்குமெண்ட்ஸ் அகெய்ன்ஸ்ட் பேமெண்ட்’ என்றால், லண்டன் வியாபாரி பணத்தைக் கட்டினால்தான் பாங்கி அவரிடம் கப்பல் பத்திரங்களைக் கொடுக்கும். ‘அகெய்ன்ஸ்ட் அக்ஸெப்டன்ஸ்’ என்றால் உண்டி என்னும் பணமாற்றுச் சீட்டை ஏற்றுக் கையொப்பமிட்டாலே கொடுத்துவிடும், பணம் பிறகு வரும். ‘அகெய்ன்ஸ்ட்’ என்பதற்கு எதிராக என்று அகராதியில் கண்டவன், பணத்துக்கு எதிரான பத்திரமா என்று திகைத்துத்தான் போவான். தமிழில் இதனை நாம் ‘பணம் பெற்றுக்கொண்டு பத்திரம்’ என்று வினையெச்சத்தால் சொல்லுவோமேயன்றி ஓர் உருபால் சொல்ல மாட்டோம். அறுபது நாள் தவணை உண்டியில் ‘ஆஃப்டர் டேட்’ என்றிருந்தால் எழுதிய தேதியிலிருந்து நாள் எண்ணப்படும். ‘ஆஃப்டர் சைட்’ என்றிருந்தால் லண்டனில் அதை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணப்படும். தபால் கடல் கடந்து போய்ச் சேரும் நாட்கள் அத்தனைக்கும் வட்டி யார் தலையில் என்பது ‘டேட்’, ‘சைட்’ என்ற பெயரைப் பொறுத்தது. ஆனால் இவ்விடத்தில் நம்மவர் தடுமாறவில்லை. பார்த்தவுடன் பணம் தரவேண்டிய தரிசன உண்டியும், தவணை வைத்த உண்டியும் அவர்களுடைய பாட்டன் காலத்திலிருந்தே பழகியவை. ‘அட் சைட்’ என்பது தரிசனம் என்று தெரிந்த மாத்திரத்தில் அந்நியச் சொல் உறவினர் ஆகிவிட்டது.

தந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடல் தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம்; ஆகையால் முன்னிடைச்சொற்களை எல்லாம் உதிர்த்துவிட்டுப் பெயர்களை மட்டும் அடுக்கி அனுப்புவர்; அதிலும் சிக்கனம் செய்ய ‘ஏ.பி.சி. கோடு’, ‘பென்ட்லி கோடு’ முதலிய சங்கேதப் புத்தகங்கள் இருந்தன. உருபு மறைந்து பெயர்கள் மட்டும் நிற்பதை நாம் வேற்றுமைத்தொகை என்கிறோம். தோல் விலை, கப்பல் கூலி, லண்டன் ஏலம் என்று தமிழ் எழுதுவதே அப்படித்தான். அந்த வகையில் தந்தி ஆங்கிலம் தமிழனுக்கு இயல்பாகவே வந்தது. தந்தியை உறுதிப்படுத்திப் பின்னால் எழுதும் கடிதத்தில்தான் உதிர்த்த சொற்களை எல்லாம் அதனதன் இடத்தில் திரும்ப வைக்க வேண்டிய கடமை வந்தது.

எந்தப் பெயருக்கு எந்த இடைச்சொல் என்பதற்கு விதி உண்டா? இக்கேள்விக்கு ரென், மார்ட்டின் என்ற இருவர் 1930-களில் வெளியிட்ட இலக்கண நூல், இன்றளவும் நம் பள்ளிகளில் அவர்கள் பெயராலேயே வழங்குவது, விதியைத் தராமல் பட்டியலைத் தந்தது. ‘ஃபார்’ ஏற்கும் பெயர்கள் இவை, ‘டு’ ஏற்பவை இவை, ‘வித்’ ஏற்பவை இவை என்று அகரவரிசையில் அடுக்கிய அந்தப் பட்டியலில், அன்பும், மன்னிப்பும், அவமதிப்பும், நஷ்டஈடும், நற்பெயரும் ஒரே ‘ஃபார்’ குடையின் கீழ் நிற்கும். காரணம் காட்டாத பட்டியல் என்று அதனைக் குறை கூறுவோர் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். நம் மொழியில் மட்டும் காரணம் காட்ட முடிகிறதா? பணத்தின்மேல் ஆசை என்கிறோம். பாம்பிடம் பயம் என்கிறோம். பாம்புக்குப் பயம் என்றும் சொல்கிறோம். பெரியோரிடத்தில் மரியாதை, பிள்ளையின்மேல் கோபம், படிப்பில் அக்கறை. ஆசை ஏன் மேலே ஏறி உட்காருகிறது, அக்கறை ஏன் உள்ளே புகுந்துகொள்கிறது என்று கேட்டால் தாய் சொன்னபடி சொல்கிறோம் என்பதைத் தவிர வேறு விடை இல்லை. பெயர் தன் உருபைத் தானே தேர்ந்துகொள்கிறது. அதனால் பெயரையும் உருபையும் ஒரே சொல்லாகக் கற்பதே முறை.

இந்த முறையை ஆங்கிலம் கற்பிக்கும் சாஸ்திரிகள் சற்றுச் சுற்றி வந்தே அடைந்தார்கள். ஜப்பானில் ஆசிரியப்பணி செய்த ஹெரால்ட் பாமர், ஆங்கிலத்தில் சேர்ந்தே வழங்கும் சொற்கூட்டங்களைத் திரட்டி 1933-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு பணியாற்றிய ஹார்ன்பி தயாரித்த மாணவர் அகராதி 1942-ல் டோக்கியோவில் முதலில் அச்சாயிற்று. ஒரு பெயரைச் சொன்னால் அதைத் தொடரும் இடைச்சொல்லையும் உடன்சொல்லும் வழக்கத்தை அகராதியில் நிலைநாட்டியவர்களுள் இவர்கள் முன்னோர். ஆனால் சென்னை மாநிலத்தில், 1959-ஐ ஒட்டி 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையைப் பயிற்றுவிக்க எடுத்த பெருமுயற்சி, உருண்டு உருண்டு பெருகும் பனிப்பந்தின் பெயரால் ‘மதராஸ் ஸ்னோபால்’ என்று வழங்கிய அது, வாக்கிய அமைப்புகளையே முதன்மையாகக் கொண்டது. ‘புத்தகம் மேசைமீது இருக்கிறது, பேனா பெட்டிக்குள் இருக்கிறது’ என்று பொருளை வைத்துக் காட்டி, மீண்டும் மீண்டும் சொல்லவைக்கும் முறை. கண்ணால் காணத்தக்க ‘ஆன்’, ‘இன்’ இரண்டையும் அது நன்றாகவே கற்பித்தது. கண்ணுக்குத் தெரியாத ‘ஃபார்’, ‘டு’, ‘அகெய்ன்ஸ்ட்’ என்பவற்றை எந்த மேசைமீது வைத்துக் காட்டுவது? சர்க்கார் டெக்னிகல் பரீட்சைக்கு வர்த்தகக் கடிதப் போக்குவரத்து என்ற பாடம் படித்துத் தட்டெழுத்தும் பயின்று மண்டிக்கு வந்த இளைஞன், மேஜை நாற்காலி ஆங்கிலத்தால் அல்ல, ‘இன் ரெஸ்பெக்ட் ஆஃப்’, ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’, ‘வித் ரெஃபரன்ஸ் டு’ என்ற தொடர்களை முழுமையாக நெட்டுருச் செய்தே பிழைத்தான். பெயரின் இருபுறமும் இடைச்சொல் காவல் நிற்கும் இத்தொடர்களைப் பிரித்துப் பொருள் காண அவன் முயன்றதில்லை. பாமரும் ஹார்ன்பியும் ஆராய்ந்து கண்ட முறை, வயிற்றுப்பாட்டின் காரணமாக அவனுக்குத் தானாகவே கைவந்திருந்தது.

1948-ல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1970-களின் தொடக்கத்தில், அரைப்பதத் தோலை அப்படியே அனுப்புவதைக் குறைத்து, முழுமையாக மெருகிட்ட தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. அத்தோடு ஆம்பூருக்கு வேறொரு ஆங்கிலம் வந்து சேர்ந்தது. சாயம் வெளிச்சத்தைத் தாங்கும் தன்மை ‘ஃபாஸ்ட்னெஸ் டு லைட்’. தேய்ப்பைத் தாங்குவது ‘ஃபாஸ்ட்னெஸ் டு ரப்பிங்’. நீரைத் தாங்குவது ‘ரெசிஸ்டன்ஸ் டு வாட்டர்’. தமிழில் ‘தாங்கும்’ என்ற சொல் கேட்பது இரண்டாம் வேற்றுமையின் ‘ஐ’. ஆங்கிலத்தில் அதுவே ‘டு’. கணக்கு எழுதியவர்களோடு சோதனைச்சாலைப் பெண்களும் தரம் பார்க்கும் மேஸ்திரிகளும் இச்சொற்களை நாவில் கொண்டார்கள். எண்ணிப் பார்த்தால், குமாஸ்தாவின் மேஜையிலிருந்து முன்னிடைச்சொல் ஷாப்பின் தளத்துக்கு இறங்கிய காலம் இதுதான்.

அந்த முன்னிடைச்சொல் பிறகு நிலத்துக்கும் இறங்கியது. தோல் ஷாப்புகளின் கழிவுநீர் பாலாற்றிலும் வயலிலும் கிணற்றிலும் கலந்து, பதனிடும் ஊர்களைச் சுற்றியுள்ள விளைநிலத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனதை ஆய்வு ஒன்று கண்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதனைத் தன் தீர்ப்பில் பதிந்து, மாசுபடுத்தியவனே அதற்கு விலை தரவேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டமாக ஏற்று, தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நஷ்டத்தைக் கணக்கிட்டு வசூலித்துக் கொடுக்க ஓர் ஆணையமும் அவ்வாண்டே அமைந்தது. அதன் ஆங்கிலப் பெயரில் ‘லாஸ் ஆஃப் எகாலஜி’ என்றும் ‘பேமெண்ட் ஆஃப் காம்பென்ஸேஷன்’ என்றும் பெயர்களை ‘ஆஃப்’ என்ற சொல்லே பிணைத்திருக்கிறது. ‘நஷ்டஈடு’ என்று நாம் சொல்வது உருபு மறைந்த தொகை. நஷ்டத்துக்கு ஈடு என்று விரிப்பதோடு தமிழ் நின்றுவிடும். ஆங்கிலத்தில் ‘காம்பென்ஸேஷன்’ என்ற பெயர், ‘ஃபார்’ என்று எந்தக் கேட்டிற்காக என்பதையும், ‘டு’ என்று யாருக்கு என்பதையும், ‘ஃப்ரம்’ என்று யாரிடமிருந்து என்பதையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு நிற்கும். பள்ளிச் சிறுவனாக அந்தப் பெயரை ‘ஃபார்’ பட்டியலில் ஒப்பித்த ஒரு பாலாற்றங்கரை விவசாயியின் மகன், உப்பேறிய தன் கிணற்றுக்காக மனு எழுத உட்கார்ந்தபோது, அந்த மூன்று சிறு சொற்களின் பின்னும் மூன்று பெயர்களை எழுத வேண்டியிருந்தது: தன் கிணறு, தன் தகப்பன், அண்டையிலிருந்த தோல் ஷாப்பு.